நுனாலெக் முகமூடி போன்ற மரப்பொருளை முப்பரிமாணத்தில் பதிவது எப்படி?

அலாஸ்காவின் தென்மேற்கில், பெரிங் கடலோரம், குவின்ஹாகாக் ஊருக்கு அருகே இருக்கிறது நுனாலெக். ஐரோப்பியர் வருமுன் யுப்பிக் மக்கள் வாழ்ந்த கிராமம். மரமுகமூடி, பொம்மை, புல்லில் பின்னிய கூடை எல்லாம் உறைந்த மண்ணுக்குள் மக்காமல் கிடந்தன. இப்போது மண் இளகுகிறது, கடல் கரையை அரிக்கிறது. 2009 முதல் அபர்டீன் பல்கலைக்கழகமும் ஊர்மக்களும் அவசர அவசரமாகத் தோண்டி மீட்டு வருகிறார்கள்.

இப்படி எடுத்த ஈரமரம் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். ஆகவே பதப்படுத்துவதற்கு முன்பும் பின்பும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். எங்கே வளைந்தது, எவ்வளவு சுருங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முறை இதுதான்: பொருளை எல்லாப் பக்கத்திலிருந்தும் நிறையப் படம் எடுத்து, கணினி மென்பொருளால் அவற்றை இணைத்து முப்பரிமாண மாதிரி ஆக்குகிறோம். கேமராவை மேனுவலில் இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 50 மி.மீ. பிரைம் லென்ஸ், எஃப்/11, ஐஎஸ்ஓ 100, முக்காலி. ஜூம் லென்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரமரம் மினுங்கும், அதனால் விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். அளவுகோலும் நிற அட்டையும் படத்தில் இருக்கட்டும்.

அடுத்ததுதான் என்னை ரொம்ப நாள் படுத்திய இடம். பொருளைச் சுழல்மேடையில் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கேமரா உயரத்தை மாற்றி மூன்று சுற்று எடுக்கிறோம். பிறகு கவிழ்த்து வைத்து மறுபடி எடுக்கிறோம். மென்பொருளில் ஏற்றினால் முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டாக நிற்கும். காரணம் பின்னணிதான். பொருள் சுழல்கிறது, ஆனால் மேசைத்துணியின் மடிப்பு அசையாமல் நிற்கிறது. மென்பொருள் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் வெல்வெட் மாதிரி ஒளியை விழுங்கும் கறுப்புத் துணி கட்டுங்கள். அப்படியும் மென்பொருளில் ஒவ்வொரு படத்திலும் பொருளைத் தவிர மற்றதை மாஸ்க் (மறைப்பு) போட்டு மறையுங்கள். முகமூடியின் விளிம்பு மெல்லியது, இரு பக்கத்துக்கும் அதுதான் பாலம். அதை நிமிர்த்தி நிறுத்தி, விளிம்பு கேமராவைப் பார்க்கும்படி இன்னொரு முழுச் சுற்று எடுங்கள். பொருளைப் பதப்படுத்திப் பேணும் நிபுணர் சம்மதித்தால் மட்டும் அப்படி நிமிர்த்தி வையுங்கள். ஊறிய மரம் தன் எடையையே தாங்காது.

மென்பொருளில் என் ஓட்டு மெட்டாஷேப்புக்கு. மாஸ்க் வேலை அதில்தான் எளிது.

சரி, மாதிரி தயார். ஆனால் உடனே இணையத்தில் ஏற்றாதீர்கள். நுனாலெக் பொருட்கள் 2018இல் குவின்ஹாகாக்கிலேயே திறந்த மையத்தில் இருக்கின்றன. எதை யார் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மூலப் படங்களையும் அவர்களிடம் கொடுங்கள், நாளை இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி உருவாக்கலாம்.

பிற்சேர்க்கை: இதே வேலைக்கான இலவச மென்பொருள் மெஷ்ரூம் பாதியில் நிற்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆழ வரைபடம் (படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் என்ற கணக்கு) போட அதற்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லாவிட்டால் டிராஃப்ட் மெஷிங் என்ற தோராய முறை ஓடும், ஆனால் உளித்தடம் தெரியாது.