காடி ரிமோட் படுத்துருச்சா? சாவிக்கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

ரிமோட்ட அமுக்கினா கதவு திறக்கலையா, முதல்ல வீட்ல கிடக்கிற ரெண்டாவது சாவிய எடுத்து அமுக்கிப் பாருங்க. அது வேலை செஞ்சா காடி மேல தப்பு இல்ல. ரெண்டுமே செய்யலன்னா சாவி போட்டு கதவ திறந்து உள்ள லைட் எரியுதான்னு பாருங்க, மங்கலா இருந்தாலோ எரியவே இல்லன்னாலோ காடி பேட்டரிதான் போயிருக்கும், ரிமோட்ட திட்டி புண்ணியம் இல்ல. (சாவி போட்டு திறந்தா சில காடியில அலாரம் கத்தும், ஃப்ளாட்ல ராத்திரி நேரத்துல செஞ்சா மானம் போயிரும், உடனே ஸ்டார்ட் பண்ணுங்க, பெரும்பாலும் நின்னுரும்.)

மிட் வேலி மால் பார்க்கிங்ல மட்டும் மக்கர் பண்ணுது, வீட்டுக்கு வந்தா ஒழுங்கா இருக்குன்னா அது சிக்னல் இடைஞ்சல், விட்டுருங்க.

மத்தபடி முக்காவாசி கேஸ் ரிமோட் உள்ள இருக்கிற பேட்டரிதான். முன்னல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே திறந்துச்சு, இப்ப கதவுகிட்ட போய் நின்னு நாலு தடவை அமுக்கணும்னா சந்தேகமே வேணாம். மூடி ஓரத்துல சின்னதா ஒரு பள்ளம் இருக்கும், அதுல அஞ்சு காசு நாணயத்த வச்சு திருப்புங்க, கத்தி வச்சு நெம்பினா கிளிப் உடைஞ்சிரும். பழைய பேட்டரி மேல உள்ள நம்பர பாத்து அதையேதான் வாங்கணும். சிஆர் 2032ன்னா அகலம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். கடையில அது இல்ல, 2025 எடுத்துக்கோன்னு சொன்னா வேணாம்னுருங்க, அகலம் ஒண்ணுதான் ஆனா மெல்லிசு, தகடு சரியா தொடாம சாவி குலுங்குறப்பல்லாம் விட்டு விட்டு வேலை செய்யும். பிளஸ் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அப்படியே போடுங்க, தகட்டுல பச்சையா பூத்திருந்தா ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. கழட்டின பேட்டரிய மேசையில போடாதீங்க, சின்ன புள்ளைங்க முழுங்கினா தொண்டையே வெந்துரும், விளையாட்டில்ல.

புஷ் ஸ்டார்ட் காடிக்காரங்க பயப்படவே வேணாம், ரிமோட் உள்ள ஒரு சாவி ஒளிஞ்சிருக்கும், அத உருவி கதவ திறந்து, பிரேக்க மிதிச்சுகிட்டு ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சா நிறைய மாடல்ல ஸ்டார்ட் ஆயிரும், உள்ள இருக்கிற சிப்புக்கு பேட்டரி தேவையில்ல.

புது பேட்டரி போட்டும் ஒரு பட்டன் மட்டும் செய்யலன்னா உள்ள சுவிட்ச் தேய்ஞ்சிருக்கும், இல்ல ஈயம் விட்டிருக்கும், சாவிக்கடையில ஒட்டித் தருவாங்க. புது ரிமோட்டே போடணும்னு சொன்னா எத்தனை வெள்ளின்னு மொதல்லயே கேட்டுருங்க, வீட்ல உள்ள எல்லா சாவியையும் கொண்டு போங்க, புதுச ப்ரோக்ராம் பண்றப்ப சில காடியில பழையது அழிஞ்சிரும்.