எக்ஸாஸ்ட் பைபாஸ் வால்வு: டர்போ காரில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலன்சருக்கு முன்னால் குழாயை வெட்டி ஒரு கிளை சேர்த்து, அந்தக் கிளையில் திறந்து மூடுகிற வால்வு ஒன்றைப் பொருத்தினால் அதுதான் எக்ஸாஸ்ட் பைபாஸ். கட்அவுட் என்றும் சொல்வார்கள். மூடியிருந்தால் புகை வழக்கம்போல சைலன்சர் வழியாகப் போகும். திறந்தால் சைலன்சரைத் தொடாமல் நேராக வெளியே வந்துவிடும். பார்ப்பதற்கு அரை நாள் வேலை போலத் தெரியும். அதனாலேயே பலர் இதை சத்தத்துக்கான ஸ்விட்ச் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த வால்வு வந்த பிறகு ஒரே காரில் இரண்டு எக்ஸாஸ்ட் இருக்கிறது. பூஸ்ட் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்), எரிபொருள் அளவு, சென்சார் காட்டும் மதிப்பு, வெப்பம், கேபினுக்குள் வரும் காற்று எல்லாம் இரண்டு நிலையிலும் சரியாக இருந்தாக வேண்டும். இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். வேஸ்ட்கேட் என்பது, டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனைச் சுற்றி புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்துவது. புளோ ஆஃப் வால்வு இருப்பது காற்று உள்ளே வரும் பக்கம். ஆக்சிலரேட்டரை விட்டதும் குழாயில் தேங்கும் அழுத்தத்தை அது வெளியே விடுகிறது. நாம் பேசும் பைபாஸ் வால்வு டர்பைனுக்குப் பிறகு வருவது. மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்கான ஆலோசனையை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் டர்போவுக்கே ஆபத்து.

பேக் பிரஷர் பற்றிய பழைய நம்பிக்கை

"என்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும், இல்லாவிட்டால் டார்க் போய்விடும்" என்பதை இன்னும் பலர் சொல்கிறார்கள். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையைக் குழாயில் எதிர்க்கும் அழுத்தம்; டார்க் என்பது என்ஜினின் சுழற்று விசை. டர்போ இல்லாத என்ஜினில் குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் தவறாக மாற்றினால் புகையின் வேகமும் அழுத்த அலைகளின் நேரமும் கெட்டு, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். அந்த அனுபவத்திலிருந்து வந்த பேச்சு இது. அங்கேயும் குறைவது அலைகளின் உதவிதான். பேக் பிரஷரால் யாருக்கும் லாபம் வந்ததில்லை. டர்போ காரில், டர்பைனுக்குப் பிந்தைய அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

காரணம் எளிது. டர்பைன் செய்யும் வேலை, அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட பூஸ்டுக்கு இந்த விகிதம் 2 தேவை என்று வைத்துக்கொள்வோம். டர்பைனுக்குப் பின்னால் 1.3 பார் இருந்தால் முன்னால் 2.6 பார் வேண்டும். வால்வைத் திறந்து பின்னால் 1.1 பாராகக் குறைத்தால் முன்னால் 2.2 பார் போதும். பின்னால் குறைந்தது 0.2, என்ஜின் தள்ள வேண்டிய அழுத்தத்தில் குறைந்ததோ 0.4. சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறைகிறது, நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்தெரிவது) ஆகும் வாய்ப்பும் குறைகிறது, டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கிறது. பைபாஸ் வால்வால் கிடைக்கும் பலன் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் காரில் புகைக்குத் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வால்வு வாங்குவது அடுத்த தவறு. பல கார்களில் பெரிய தடை, டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பிலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் இருக்கும். சைலன்சர் ஓரளவு தாராளமாகவே விடும். அப்படிப்பட்ட காரில் வால்வைத் திறந்தால் சத்தம் மட்டும்தான் கூடும். வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருக்கும் ஆக்சிஜன் சென்சாரைத் தற்காலிகமாகக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு உலோகக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையில் அழுத்தமானி வைத்து, முழு ஆக்சிலரேட்டரில் மேல் ஆர்பிஎம் வரை போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதைப் பொதுச்சாலையில் செய்யாமல் டைனோவில் (கார் நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓடும் சோதனை மேடை) செய்யுங்கள். அந்த இடத்தில் 1 பிஎஸ்ஐ கூட வரவில்லை என்றால் வால்வுக்குச் செலவழிக்கும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். சத்தத்துக்காகத்தான் போடுகிறேன் என்றால் சரி, அது வேறு கதை.

எங்கே வெட்டுவது

டர்போவுக்குப் பக்கத்தில் வைத்தால் பலன் அதிகம் என்று கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே வால்வை வைப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது. திறந்த நிலையில் புகை சுத்திகரிக்கப்படாமல் வெளியே போகிறது என்பது முதல் காரணம். கன்வெர்ட்டர் வேலை செய்ய ஆரம்பிக்க ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன் வழியாகப் புகை போகாவிட்டால் அது ஆறிப்போகும். பின் சென்சார் ஏதோ தவறு என்று கண்டுபிடித்து பி0420 குறியீட்டோடு செக் என்ஜின் விளக்கை எரிய விடும். டீசல் காரில் துகள் வடிகட்டிக்கு முன்னால் வெட்டினால் கரி அப்படியே வெளியே வரும்; வடிகட்டியின் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாரும் ஏமாந்துபோகும். வடிகட்டிக்குப் பின்னாலிருந்து புகையை எடுத்து மீண்டும் என்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் அமைப்பு உள்ள டீசல்களில், அந்தக் கிளைக்கு முன்னாலோ பக்கத்திலோ வெட்டினாலும் சிக்கல்தான். கன்வெர்ட்டர், வடிகட்டி, கடைசி சென்சார், இஜிஆர் கிளை எல்லாம் தாண்டிய பிறகுதான் உங்கள் இடம் தொடங்குகிறது.

தாண்டினால் மட்டும் போதாது, தூரமும் வேண்டும். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே இறங்கும்போது, திறந்த வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும். குறைந்த ஆர்பிஎம்மில் இது அதிகம். அந்தக் காற்று சென்சாரைத் தொட்டால், "ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் குறைவு" என்று அது சொல்லும். எரிபொருளைத் திருத்தும் சென்சாராக இருந்தால் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் கலவை சரியாகத்தான் இருந்திருக்கும். சென்சாருக்கும் திறந்த வாய்க்கும் இடையே இரண்டு அடிக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டைனோவில் பின்குழாய் முனையில் சென்சாரைச் சொருகி அளப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வால்வு திறந்திருக்கும்போது புகை அந்தப் பக்கம் சரியாகப் போவதே இல்லை. அங்கே வரும் எண்ணை வைத்து டியூனிங் (இசியுவில் எரிபொருள் அளவு போன்றவற்றைத் திருத்துவது) செய்தால் என்ஜின் போய்விடும்.

பூஸ்ட் தானாக ஏறும்போது

இது இந்த வேலையிலேயே விலை உயர்ந்த தவறு. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்ததும் அதன் வழியாகப் புகை எளிதாகப் பாய்கிறது. தேவையான பூஸ்ட் வந்த பிறகு மீதிப் புகையை வேஸ்ட்கேட் திருப்பிவிட வேண்டும். ஆனால் என்ஜினோடு வரும் உள் வேஸ்ட்கேட்டின் துளை, தொழிற்சாலை எக்ஸாஸ்டை மனதில் வைத்து அளவெடுத்தது. அது முழுதாகத் திறந்தும் போதவில்லை என்றால், ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் பூஸ்ட் க்ரீப் என்கிறார்கள். குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தமானி ஒழுங்காகக் காட்டும். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் கை மீறும். ஆகவே வால்வைத் திறந்து ஒரு சுற்று போய்ப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது சோதனை ஆகாது. நான்காவது கியர் மாதிரி உயர்ந்த கியரில், டைனோவில், கடைசி வரை போய் பூஸ்ட் கோடு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுகிறது என்றால் வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்குவதோ வெளி வேஸ்ட்கேட் வைப்பதோதான் வழி. பூஸ்ட் கண்ட்ரோலரில் எண்ணைக் குறைத்துப் பயனில்லை; வேஸ்ட்கேட் ஏற்கெனவே முழுதாகத் திறந்துதான் இருக்கிறது.

இன்னொரு வகை, திடீர் எகிறல். இசியு வேஸ்ட்கேட்டுக்கு அனுப்பும் கட்டளை மூடிய எக்ஸாஸ்டுக்குக் கற்றுக்கொண்டது. முழு இழுப்பில் இருக்கும்போது ஸ்விட்சைத் தட்டி வால்வைத் திறந்தால், திருத்தம் வருவதற்குள் பூஸ்ட் ஒரு கணம் எல்லை தாண்டும். பூஸ்ட் எல்லை மீறியதற்கான பி0234 குறியீடு பதிவாகி, எரிபொருள் வெட்டு விழுந்து, கார் முட்டி மோதியதுபோல் குலுங்கும். வால்வை இழுப்பின் நடுவில் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் மாற்றுங்கள். தானாகத் திறக்க அழுத்த ஸ்விட்ச் வைப்பதாக இருந்தால், திறக்கும் எண்ணுக்கும் மூடும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே வால்வு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

டியூனிங் எந்த நிலையில் செய்தது என்பதும் முக்கியம். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால் மாற்றத்தை அது ஓரளவு பிடித்துவிடும். மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் இசியுவுக்கு வால்வு திறந்தது தெரியாது. அதே பூஸ்டில் இப்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நிரம்புகிறது. பெட்ரோல் மட்டும் பழைய அளவு. மூடிய நிலையில் டியூன் செய்துவிட்டுத் திறந்து ஓட்டினால், முழு பூஸ்டில் கலவை மெலியும். பிஸ்டன் உருகுவது இப்படித்தான். திறந்த நிலையில் டியூன் செய்து மூடி ஓட்டினால் பெட்ரோல் சற்று அதிகமாகப் போகும், அவ்வளவுதான். இரண்டுக்கும் தனித்தனி மேப் (இசியு பார்த்து நடக்கும் அளவு அட்டவணை) வைத்து, வால்வின் நிலைக்கு ஏற்ப இசியு மாறும்படி செய்வது சிறந்தது. முடியாவிட்டால் திறந்த நிலையை அடிப்படையாக வைத்து டியூன் செய்து, மூடிய நிலையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது

பணம் சம்பந்தப்பட்ட தவறுகளை விட இது பெரியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. சாதாரண காரில் புகை பின்பம்பருக்கு வெளியே போய்விடும். பைபாஸ் வாய் பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். தரையில் உள்ள ரப்பர் அடைப்பு ஒன்று கழன்றிருந்தாலோ, துருப்பிடித்த ஓட்டை இருந்தாலோ, டிக்கி சரியாக மூடாமல் இருந்தாலோ புகை கேபினுக்குள் வரும். வாயிலிருந்து ஒரு குழாயை நீட்டி, கேபினின் ஓரத்தைத் தாண்டி பக்கவாட்டிலோ பின்னாலோ புகை போகும்படி விடுங்கள். தரை அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நின்ற இடத்தில் வால்வைத் திறந்து என்ஜினை ஓட விடாதீர்கள், மூடிய கராஜில் நிச்சயமாக வேண்டாம். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை உள்ளே வைத்து, இரண்டு நிலையிலும் ஓட்டிப் பார்ப்பது வீண் எச்சரிக்கை அல்ல. தலைவலி வந்த பிறகு யோசிப்பது தாமதம்.

வெளிவரும் புகையின் சூடும் சாதாரணமானதில்லை. கடுமையாக ஓட்டிய பெட்ரோல் டர்போவில் டர்பைனைத் தாண்டிய புகையே 700 டிகிரியைத் தாண்டக்கூடும். வாயின் நேர் எதிரில் பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், கியர்பாக்ஸ் ஆயில் குழாய், ஆக்சில் ரப்பர் உறை, டயர், பிளாஸ்டிக் அடித்தட்டு எதுவும் இருக்கக் கூடாது. நேராகக் கீழே பார்க்க விட்டு, காய்ந்த புல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கும்.

வால்வும் வயரும்

மலிவான மின்சார வால்வுகளில் முதலில் சாவது மோட்டார். அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் சூட்டில் இளகும். குழாயைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தட்டின் தண்டில் கரி படிந்து இறுகினால் மோட்டார் தள்ளித் தள்ளி ஃபியூஸைக் கருக்கும். மோட்டார் குழாயிலிருந்து விலகி, நடுவே வெப்பத் தடுப்புத் தகடு இருக்கும்படி பொருத்துங்கள். அதே நேரம் அது காரின் அடியில் எல்லாவற்றுக்கும் கீழே தொங்கவும் கூடாது. முதல் வேகத்தடையிலேயே கழன்றுவிடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், வயர்கள் கண்ணாடி இழை உறைக்குள், எர்த் சுத்தமான உலோகத்தில். எப்போதும் மூடியே வைத்திருப்பவர்கள் அவ்வப்போது திறந்து மூடினால் தண்டு இறுகாது.

என்ஜினின் வேக்யூமால் (உறிஞ்சும் விசையால்) இயங்கும் வால்வு வாங்குபவர்கள் ஒரு கேள்வி கேட்க மறந்துவிடுகிறார்கள்: வேக்யூம் போனால் இது திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? ஸ்பிரிங் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஹோஸ் ஒன்று கழன்றால் நடு இரவில் ஊரை எழுப்பிக்கொண்டு வீடு திரும்ப வேண்டி வரும். டர்போ காரில் பூஸ்ட் வரும்போது மேனிஃபோல்டில் வேக்யூம் இருக்காது என்பதால், ஒருவழி வால்வும் சிறிய வேக்யூம் டப்பாவும் இல்லாமல் இந்த வகை ஒழுங்காக வேலை செய்யாது.

எந்த பட்டர்ஃபிளையும் நூறு சதவீதம் அடைக்காது. மூடிய வால்வின் ஓரத்தில் கொஞ்சம் கரி தெரிவது சகஜம். புஸ் என்று சத்தம் கேட்டால் தட்டு சரியாக உட்காரவில்லை.

குழாய் 3 அங்குலம் என்றால் வால்வும் 3 அங்குலம் இருக்க வேண்டும், அதாவது சுமார் 76 மி.மீ. கிளை 90 டிகிரியில் நிற்காமல் 30 முதல் 45 டிகிரி சாய்வில் புகை போகும் திசையிலேயே பிரிய வேண்டும். வால்வு அதன் பிரிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூடிய நிலையில் நீளமான முட்டுச்சந்து இருந்தால் சில ஆர்பிஎம்களில் காது குடையும் ரீங்காரம் வரும். கிளையை வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் ஆக்சிஜன் சென்சார்களையும் கழற்றிவிடுங்கள், துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பற்றவைக்காதீர்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. வால்வின் எடையைக் குழாய் மட்டும் சுமக்காமல் ஒரு தொங்கல் ரப்பர் கொடுங்கள். என்ஜின் அசைவு, வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் குழாயோடு நிற்க வேண்டும், வால்வு அதற்குப் பின்னால்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சைலன்சரைத் தவிர்த்துப் பொதுச்சாலையில் ஓட்டுவதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை; "ஸ்விட்ச் மூடித்தான் இருந்தது" என்ற பதில் எல்லா இடத்திலும் எடுபடாது. ரேஸ் டிராக்குகளிலும் பல இடங்களில் டெசிபல் எல்லை உண்டு. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக்குப் பிறகு அது கேள்வியாக வரும்.

எல்லாம் முடிந்து நான்கைந்து முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு காரைத் தூக்கிப் பாருங்கள். கிளாம்பும் ஃபிளேஞ்ச் போல்ட்டும் பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறதா, வயர் உறை பழுப்பாகியிருக்கிறதா, அடித்தட்டில் எங்காவது உருகிய தடம் இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை மறுபடி முடுக்கிவிட்டு இறக்குங்கள்.