இரட்டை நகரங்களை ஒப்பிடுகிறீர்களா? முதலில் எல்லைக் கோட்டைப் பாருங்கள்

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வரும் தபாலில் 'சென்னை 600 044' என்று இருக்கும். சொத்து வரி ரசீதில் தாம்பரம் மாநகராட்சி. மாவட்டம் செங்கல்பட்டு. சொந்த ஊரான பாளையங்கோட்டையில் யாராவது கேட்டால் "மெட்ராஸ்ல இருக்கேன்" என்றுதான் சொல்கிறேன். அடுத்தடுத்து இருக்கும் நகரங்களை ஒப்பிட்டு அட்டவணை போடுபவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்: எந்தக் கோட்டுக்குள் எண்ணிய எண் என்று பார்ப்பதே இல்லை.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 46 லட்சத்திலிருந்து 66 லட்சமாகக் கூடிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே 2011 கணக்கெடுப்பின் எண்கள்தான். பழைய 174 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 46.5 லட்சம். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் போன்ற ஊர்களைச் சேர்த்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விரிந்த எல்லைக்கு அதே கணக்கெடுப்பைக் கூட்டினால் சுமார் 66.7 லட்சம். புதிதாக ஒருவர்கூடக் குடிவரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

இதைவிடப் பெரிய விபத்து, பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுப்பது. 46.5 லட்சத்தை 426-ஆல் வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பதினோராயிரம் பேர் என்று வரும். பழைய எல்லைக்குச் சரியான கணக்கு ஏறக்குறைய 26,700. விரிந்த எல்லைக்கு 15,700. பதினோராயிரம் என்ற அந்த எண்ணுக்குரிய சென்னை 2011-இல் எங்கும் இல்லை.

தாம்பரத்திலும் இதே கதைதான். 2011-இல் தாம்பரம் நகராட்சியில் சுமார் 1.75 லட்சம் பேர். பக்கத்துப் பல்லாவரத்தில் அதைவிட அதிகம், சுமார் 2.15 லட்சம். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. இன்றைய மாநகராட்சியைப் பழைய நகராட்சியோடு வைத்துப் பார்த்துவிட்டு, 'தாம்பரம் பல மடங்கு வளர்ந்துவிட்டது' என்று சொல்வது எப்படிச் சரியாகும்? இன்று உள்ளே இருக்கும் ஊர்களின் பழைய எண்களை எல்லாம் கூட்டி, அந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். அரைமணி நேர வேலைதான்.

எல்லையைச் சரியாகப் பிடித்த பிறகும் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. நானே செய்திருக்கிறேன். நெல்லையும் பாளையும் எங்கள் பக்கத்தில் பேர்பெற்ற இரட்டை நகரம், நடுவில் தாமிரபரணி. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். நெல்லையின் பழைய பகுதியான டவுன் பக்கம் படிப்பு, மருத்துவம் எல்லாவற்றிலும் பின்தங்கி இருப்பதாக என் அட்டவணை காட்டியது. டவுனில் இருக்கும் அத்தையிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, "ஏன் ராசா, நமக்கு ஆஸ்பத்திரி இல்லன்னா எழுதியிருக்க? பாலத்தைத் தாண்டுனா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வந்துருதே. ஒங்க மாமாவை அங்கதான பாத்தோம்?" என்றாள்.

அத்தை சொன்னதுதான் இரட்டை நகரத்தின் இலக்கணம். நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் கடைத்தெருவும் டவுனில்; ரயில் நிலையம் ஜங்ஷனில். கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி, மத்திய சிறை எல்லாம் பாளையில். கலெக்டர் ஆபீஸும் பாளைக் கரையில் கொக்கிரகுளத்தில். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற பதவியில் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இரு கரையும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. ஒரு கரையில் இல்லாததைக் குறை என்று எழுதினால், சமையலறையில் கட்டில் இல்லை என்று எழுதுவது போல ஆகிவிடும். 'இந்த ஊரில் எத்தனை இருக்கிறது' என்று எண்ணுவதைவிட, 'இந்த ஊர்க்காரர் அதற்காக எங்கே போகிறார், எவ்வளவு நேரம் ஆகிறது' என்று கேளுங்கள்.

1994-இல் பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் மூன்றும் நெல்லையோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. அதனால் இனி ஒப்பிட ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதும் தவறு. நான்கும் மண்டலங்களாகத் தொடர்கின்றன. மண்டல வாரியாக எண்களைத் தேடுங்கள்.

பிறந்த கதையை மறந்துவிட்டு ஒப்பிடுவதும் நடக்கிறது. ஹைதராபாத் 1591-இல் குதுப் ஷாஹி அரசர் அமைத்த தலைநகரம். உசேன் சாகருக்கு அப்பால் செகந்திராபாத் 1806-இல் பிரிட்டிஷ் படை தங்கும் கன்டோன்மென்ட்டாகப் பிறந்தது. சந்தையையும் அரண்மனையையும் சுற்றி வளர்ந்த தெருவும், படைவீரர்களுக்காக அளந்து போட்ட தெருவும் ஒன்றாக இருக்காது. 'ஒன்று ஒழுங்கு, இன்னொன்று நெரிசல்' என்று மக்களின் குணத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். ஒட்டி இருந்தால்தான் இரட்டை என்றும் இல்லை: ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர், ஆனால் 1962-இல் ஒரே மாநகராட்சியாகச் சேர்ந்தன.

சகோதர நகரம் என்பது வேறு. சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984-லிருந்து அந்த உறவு உண்டு. அது ஒப்பந்தத்தால் வந்த நட்பு. இதையும் இரட்டை நகரம் என்று எழுதிக் குழப்ப வேண்டாம்.

கடைசியாக, மழை. ஒவ்வொரு டிசம்பரிலும் 'சென்னை மோசமா, தாம்பரம் மோசமா' என்ற பேச்சு கிளம்புகிறது. 2015 வெள்ளத்தில் அடையாறு முதலில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆறுதான் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. ஏரி தாம்பரத்தின் கணக்கில், சதுப்புநிலம் சென்னையின் கணக்கில். மேலே ஒரு கால்வாய் அடைபட்டால் கீழே இருப்பவர் வீட்டில் தண்ணீர் நிற்கும். வெள்ளத்தை ஒப்பிட வேண்டுமானால் மாநகராட்சி வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, எந்த ஏரி எந்த ஏரிக்குள் வடிகிறது என்ற வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.