பார்க்கின்சன் மருந்தும் சத்து மாத்திரையும்: நடுக்கம் கூடும்போது நடக்கும் தவறுகள்

பார்க்கின்சன் நோய்க்குப் புதிதாக மருந்து ஆரம்பித்த வீடுகளில் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம். நல்லெண்ணத்தோடு வாங்கித் தரும் சத்து மாத்திரைகளால் வரும் கோளாறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இவை நடுக்கமாகவோ தடுமாற்றமாகவோ வெளியே தெரியும். வீட்டில் எல்லோரும் நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டி விடுவார்கள்.

## இரும்புச்சத்தையும் லெவோடோபாவையும் ஒன்றாக விழுங்குவது

வழக்கமாக நடப்பது இது. காலை எட்டு மணி. டிபன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் சின்டோபா (லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த பார்க்கின்சன் மாத்திரை) ஒன்று, பிரஷர் மாத்திரை ஒன்று, ரத்தசோகைக்கு எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரை ஒன்று, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மல்ட்டிவைட்டமின் ஒன்று. அப்பா நான்கையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிறார். இனி எதுவும் மறக்காது என்று வீட்டில் நிம்மதி. கொஞ்ச நாளில் முற்பகல் முழுக்க வலது கை நடுக்கம் அடங்குவதில்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடிவதில்லை.

லெவோடோபா மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. குடலில் இரும்பு அயனி அவற்றைக் கவ்விக்கொள்ளும். அப்படிச் சேர்ந்துபோன லெவோடோபா குடல் சுவரை எளிதில் தாண்டாது. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே சிதையாமல் காக்கக் கூடவே இருக்கும் கார்பிடோபாவுக்கும் இதே கதிதான். சீட்டில் 100 மி.கி. என்று இருந்தாலும் ரத்தத்தில் போய்ச் சேருவது அதில் ஒரு பங்குதான்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் தாங்க முடியாத விஷயம். நடுக்கம் கூடிவிட்டது என்று டாக்டரிடம் போகிறார்கள். ரத்தசோகைக்கு மருந்து கொடுத்தவர் வேறு டாக்டர். இரும்பு மாத்திரை பற்றி இங்கே யாரும் சொல்வதில்லை. ஒரு மாத்திரை ஒன்றரை ஆகிறது. நடுக்கம் குறைகிறது, எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று இரும்பை நிறுத்துகிறார்கள். இப்போது அந்த ஒன்றரை மாத்திரையும் முழுசாக ரத்தத்தில் ஏறுகிறது. கழுத்தும் தோளும் தானாக நெளிகின்றன, எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிறது, சிலருக்கு இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிகிறார்கள். மறுபடியும் பழி நோயின் மேல் விழுகிறது. நெளிவை அடக்க இன்னொரு மாத்திரை சேர்கிறது. இரும்பு மாத்திரையை வேறு நேரத்துக்குத் தள்ளியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு சீட்டிலும் ‘1-0-0’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பதுதான் இதற்கெல்லாம் வேர். மணி எழுதித்தரச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். லெவோடோபா காலை 7, 11, மாலை 3, இரவு 7 என்று போகிறவருக்கு மதியம் 1 மணி சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இரவில் மெதுவாகக் கரையும் நீடித்த வகை லெவோடோபா மாத்திரை இல்லாதவர்கள் படுக்கப் போகும்போது, பத்து மணிக்குப் போடலாம். டீ, காபியோடு இரும்பு வேண்டாம். அப்போது இரும்பும் சரியாக உடம்பில் ஏறாது. இரும்பு மலச்சிக்கலைக் கூட்டும், பார்க்கின்சன்காரர்களுக்கு அது ஏற்கெனவே பெரும்பாடு. அதனால் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்காமல் இரும்பு ஆரம்பிக்கவே வேண்டாம்.

அட்டையில் ‘ஃபெரஸ்’ என்று தொடங்கும் பெயர் எதுவானாலும் இரும்புதான். மினரல் சேர்த்த மல்ட்டிவைட்டமின், பாலில் கலக்கும் சத்து மாவு, சித்த மருந்தில் அன்னபேதிச் செந்தூரம், அயச் செந்தூரம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

புரதமும் இதே வேலையைச் செய்யும், வேறு வழியில். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே பாதைக்குப் போட்டி போடுகின்றன. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, தண்ணீரில் விழுங்குங்கள். குமட்டினால் ஒரு ரஸ்க் போதும். பால் வேண்டாம்.

## கால் எரிகிறது என்றதும் நரம்பு மாத்திரை வாங்குவது

லெவோடோபா உடம்பில் சிதையும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுகிறது. அதைக் குறைக்க பி12, ஃபோலேட், பி6 மூன்றும் செலவாகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர், வருடக்கணக்காக அசிடிட்டி மாத்திரை போடுபவர், சைவம் மட்டும் சாப்பிடுபவர் ஆகியோருக்கு பி12 இன்னும் சீக்கிரம் குறையும். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்றால் முதலில் பி12 அளவைப் பாருங்கள். 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகம். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீனோ மீத்தைல்மலோனிக் அமிலமோ எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், பி12 இல்லாமல் நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் நரம்பு மாத்திரைகள் பலவற்றில் பி6, அதாவது பைரிடாக்சின், இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2 மி.கி.தான். அமெரிக்காவில் உச்சவரம்பு 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மி.கி. என்று வைத்தது. அளவு மீறி நாள்பட எடுத்தால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். அப்போதும் அதே எரிச்சல், அதே மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம். குறையவில்லையே என்று அதே மாத்திரையை இரண்டாக்குபவர்கள் உண்டு! வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் எடுத்து பி6 மொத்தம் எத்தனை மி.கி. என்று கூட்டிப் பாருங்கள்.

‘பார்க்கின்சனுக்கு பி6 ஆகவே ஆகாது’ என்பது கார்பிடோபா சேராமல் லெவோடோபா மட்டும் கொடுத்த காலத்துப் பேச்சு. அப்போது லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே சிதைவதை பி6 வேகப்படுத்தியது. இன்றைய கூட்டு மாத்திரைக்கு அது பொருந்தாது. வாழைப்பழத்தை நிறுத்த வேண்டியதில்லை. லெவோடோபா-கார்பிடோபா அதிக அளவில் எடுப்பவர்களுக்கு பி6 குறைந்துபோவதும் உண்டு. அதையும் ரத்தத்தில் பார்க்கலாம்.

## பூனைக்காலிப் பொடியை ரகசியமாகச் சேர்ப்பது

பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். சின்டோபாவுக்கு மேல் சேர்த்தால் அளவு எகிறும். ஒரு டப்பாவில் இருக்கும் அளவு அடுத்த டப்பாவில் இருக்காது. பொடியில் கார்பிடோபா கிடையாது. ஆகவே பொடியை மட்டும் நம்பியிருப்பவருக்கு பி6 மாத்திரை அதன் பலனைக் குறைத்துவிடும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

## வாரம் ஒன்றை தினம் ஒன்றாக்குவது

வைட்டமின் டி 60,000 யூனிட் கேப்சூல் வாரத்துக்கு ஒன்று. பொதுவாக எட்டு வாரம், பிறகு டாக்டர் சொன்னபடி. தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் வரும். கடைசி இரண்டும் பார்க்கின்சனிலும் வருவதால் யாருக்கும் சந்தேகம் எழாது. கேப்சூலை மாத்திரைப் பெட்டியில் போடாமல் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு குத்தி வையுங்கள்.

## ஒரே வாரத்தில் மூன்று புது சத்து

அதிக அளவு பி1 நடுக்கத்தைக் குறைக்கும் என்று பலர் கிராம் கணக்கில் விழுங்குகிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுகள். டாக்டரிடம் சொல்லி முயல்வதானாலும், அதே வாரம் மக்னீசியமும் மீன் எண்ணெயும் ஆரம்பித்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. குறைந்தது இரண்டு வாரம் கழித்து அடுத்தது. நடுக்கம் தூக்கம் கெட்டாலும் கூடும், விருந்தாளி வந்தாலும் கூடும். ஒரு நாளை வைத்து முடிவு எடுக்க முடியாது. மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, நடுக்கம் தொடங்கிய மணி, அடங்கிய மணி என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

## வைட்டமின் ஈ, கோ-என்சைம் க்யூ10

பெரிய சோதனைகளில் பார்க்கின்சனுக்குப் பலன் இல்லை. வாங்காதீர்கள்.

## எல்லா ஆட்டத்தையும் நடுக்கம் என்று சொல்வது

மடியில் சும்மா வைத்த கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடுவது பார்க்கின்சன் நடுக்கம். கழுத்தும் இடுப்பும் நெளிவது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது, மாத்திரை போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் வரும். முதலாவதற்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம், இரண்டாவதற்குக் குறைக்க வேண்டியிருக்கலாம். செல்போனில் அரை நிமிட வீடியோ எடுத்து, எத்தனை மணிக்கு எடுத்தது என்று சொல்லிக் காட்டுங்கள்.

## வாயு மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை

இவை சத்து மாத்திரை இல்லை, ஆனால் அதே கடையில் அதே கையோடு வாங்கப்படுபவை. அசிடிட்டி மாத்திரையோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைடு, வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவை பார்க்கின்சன் அறிகுறிகளை நேராகவே கூட்டும். இந்த நான்கு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு பின் போட்டு வையுங்கள். எந்தக் கடையில், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.