குடும்பக் கடையில் கணக்குக்கு வெளியாள் வைப்பது எப்படி?

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம், பயோடேட்டா எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. வேலையை எழுதி வையுங்கள். “எல்லாத்தையும் பார்த்துக்கணும்” என்பது வேலை அல்ல. பில் போடுவது, கொள்முதல் ஏற்றுவது, ஆடிட்டருக்கு அனுப்புவது என்று பிரியுங்கள். ஜிஎஸ்டி மாதத் தாக்கல் என்றால் ஜிஎஸ்டிஆர்-1 க்கு (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11ஆம் தேதி, 3பி க்கு (வரி கட்டும் சுருக்கம்) 20ஆம் தேதி கடைசி; அதற்கு ஐந்து நாள் முன்பே பில்கள் ஆடிட்டர் கையில் இருக்க வேண்டும்.

2. ஆள் வருவதற்கு முன்பே கல்லாவை ஒழுங்குபடுத்துங்கள். பெரும்பாலான கடைகள் சறுக்குவது இங்கேதான். தம்பி பெட்ரோலுக்கு 500 எடுப்பார், அப்பா வீட்டுக் காய்கறிக்கு 300 எடுப்பார், யாரும் எழுத மாட்டார்கள். ராத்திரி 800 குறையும். சந்தேகம் நேரே வெளியாள் மேல் போகும். நல்ல ஆள் அடுத்த மாதமே வேறு கடை பார்த்துவிடுவார்.

அதனால் யார் எடுத்தாலும் வவுச்சர் (எடுத்த தொகைக்கு ஒரு சீட்டு), அப்பாவுக்கும் சேர்த்துத்தான். டேலியில் (கணக்கு எழுதும் மென்பொருள்) குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் சொந்தச் செலவு லெட்ஜர் (தனிக் கணக்கு) திறந்துவிடுங்கள். காலையில் சில்லறை 2,000, ரொக்க விற்பனை 38,400, வவுச்சர் 1,150 என்றால் ராத்திரி 39,250 இருக்க வேண்டும். நோட்டு வாரியாக எண்ணி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். குறைந்தால் அன்றைக்கே குறைவு என்று எழுதுங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்; நாலு கை போகும் கல்லாவில் எந்தக் கை என்று யார் சொல்வது?

3. உத்தரவு போட ஒருவர் போதும். சித்தப்பா “கடன் கொடு” என்பார், அண்ணன் “கொடுக்காதே” என்பார்; நடுவில் மாட்டுவது கணக்குப்பிள்ளை. வாடிக்கையாளர் வாரியாகக் கடன் வரம்பை எழுதி ஒட்டிவிடுங்கள்.

4. எக்செல் வேண்டாம், டேலியே வையுங்கள். ஆல்ட்+கே அழுத்தினால் வரும் மெனுவில் யூசர் ரோல் (யார் எதைச் செய்யலாம் என்ற அமைப்பு) இருக்கும். அதில் பழைய தேதி போட்டுப் பதிவு செய்ய 1 நாள் மட்டும் அனுமதி கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். நெட் பேங்கிங்கில் பணம் அனுப்புவதைக் கணக்குப்பிள்ளை பதியட்டும், ஒப்புதல் நீங்கள் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் மட்டும் கூடவே கூடாது.

5. சம்பளம் வங்கி வழியாக. ஆள் எண்ணிக்கை 10 ஆகிவிட்டால் இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), 20 ஆகிவிட்டால் பிஎஃப் (சேமநிதி) கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்காதீர்கள், நகல் போதும். உட்கார நாற்காலி போடுங்கள், தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டம்.

பின்சேர்க்கை: “மாமா பையனை வைத்தால் இதெல்லாம் தேவையா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். தேவை. குறிப்பாக இரண்டாவது.