இருட்டிலும் தெரியும் கிற்றார் புள்ளிகள்

கல்லடியில் ஒரு கலியாண வீட்டு மேடையில் லைட்டை மங்கலாக்கினார்கள். கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில், ஏழாம் கட்டை என்று நினைத்து எட்டில் விரல் வைத்துவிட்டேன். பாடிக்கொண்டிருந்த மச்சான் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கட்டைகளைக் காட்டும் புள்ளிகளுக்கு வெளிச்சம் போட, அடுத்த கிழமையே கிற்றாரின் கழுத்தைக் கழற்றினேன். அயன் பெட்டிச் சூட்டில் விரற்பலகையை மெல்ல மெல்ல இளக்கி எடுத்தேன். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். கழுத்துக்குள் நடுவில் ஓடும் இரும்புக் கம்பியைத் தொடாமல், மரத்தில் ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினேன். பழைய வெள்ளைப் புள்ளிகளின் நடுவே 1 மில்லிமீற்றர் துளை. 3, 5, 7, 9ஆம் கட்டைகளில் ஒவ்வொன்று, பன்னிரண்டில் இரண்டு, பிறகு 15, 17, 19, 21. மொத்தம் பத்து ஒளியிழை, வெளிச்சத்தைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்ரிக் இழை.

ஒட்டுமுன் டோர்ச் அடித்துப் பார்த்ததுதான் நல்ல காலம். ஏழாம் கட்டை இழை செத்துக் கிடந்தது. இழையைச் செங்குத்தாக மடித்திருந்தேன். அந்த மடிப்பிலேயே வெளிச்சம் மரத்துக்குள் கசிந்துவிட்டது. வாய்க்காலைச் சரிவாகத் திருத்தி, வளைவை அகலமாக்கியதும் எரிந்தது. சுப்பர் குளூ வேண்டாம், இந்தப் பிளாஸ்ரிக் இழையில் மயிர் வெடிப்பு விழும். எப்பொக்சிதான் சரி.

பத்து நுனியையும் சேர்த்துக் கட்டி, 1000 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டி.யின் முகத்தில் பொருத்தினேன். 9 வோல்ற் பற்றரிக்கு 330 ஓம் மின்தடை போட்டால் கண் கூசுது. 1000 ஓம் போதும், பற்றரியும் நிண்டு பிடிக்கும்.

பதினைந்தாம் கட்டைப் புள்ளி இன்னும் கொஞ்சம் மங்கல்தான். அந்த உயரத்துக்கு நான் போறதே அருமை.