மார்கழியில் பார்த்த வீடு: குளிர்நாட்டிலிருந்து மதுரைக்குக் குடிவருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் இருப்பவர்கள் மதுரையில் வீடு பார்க்க வருவது பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில்தான். பிள்ளைகளுக்கும் லீவு, அப்படியே பொங்கலையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற கணக்கு. மார்கழியில் மதுரையில் எந்த வீடும் நல்ல வீடுதான். காலையில் லேசான பனி, மாலையில் காற்று, மொட்டை மாடியில் நின்றால் யானைமலை தெரிகிறது, அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. அதே வீட்டில் சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கு ஃபேன் அனலை இறைக்கும்போதுதான், வாங்கியது என்னவென்று தெரியும்.

ஆகவே முதல் தவறு, பார்க்கும் காலம். மதுரையின் வெயில் அக்னி நட்சத்திரத்தோடு முடிவதில்லை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால், இங்கே செப்டம்பர் வரைக்கும் புழுக்கம்தான். வீட்டை ஏப்ரல், மே மாதத்தில் ஒரு முறை, ஐப்பசி மழை பெய்த மறுநாள் ஒரு முறை பார்க்க வேண்டும். முதல் பார்வையை மதியம் மூன்று மணிக்கும், அதே நாள் இரவு ஒன்பதுக்கு மேலும் வையுங்கள். கான்கிரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். பகலில் மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள், அழகர் ஆற்றில் இறங்கிய கையோடு வீடு பார்க்கப் போவது எவ்வளவோ மேல். நேரில் வர முடியாதவர்கள், விற்பவரிடம் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு, கோடைக்கால மின் கட்டணத்தையும் டிசம்பர் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆள் குடியிருந்த வீடாக இருந்தால், அந்த இரண்டு தொகைக்கும் உள்ள இடைவெளி அந்த வீட்டின் சூட்டைச் சொல்லிவிடும்.

வெளிச்சத்தைப் பார்த்து மயங்குவது

டொராண்டோவிலோ லண்டனிலோ பத்து வருடம் இருந்தவரின் கண், தன்னையறியாமல் வெயிலைத் தேடும். "ஹால் முழுக்க வெளிச்சம், பெரிய பெரிய கண்ணாடி" என்று புரோக்கர் சொன்னதும் மனம் இறங்கிவிடும். லண்டனில் ஜூன் மாத உச்சிவெயிலே அடிவானத்திலிருந்து 62 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மதுரையில் மார்கழி உச்சிவெயில் 57 டிகிரி. அதாவது நம்முடைய குளிர்காலச் சூரியன் அவர்களுடைய கோடைச் சூரியனுக்கு ஏறக்குறைய சமம். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் திரும்பவும் வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். தெற்குப் பார்த்த ஜன்னல், வடக்குப் பார்த்த ஜன்னல் என்று அங்கே கற்ற கணக்கு எதுவும் இங்கே உதவாது. இங்கே அடி வாங்குவது இரண்டே இடம்: கூரையும் மேற்குச் சுவரும்.

மாடிகளிலேயே கடைசி மாடியை, "மேலே யாரும் இல்லை, சத்தம் இருக்காது" என்று விரும்பி வாங்குகிறவர்கள் கூரையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். அதை வாங்கத்தான் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். வெறும் சிமெண்ட் தளமா, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதித்திருக்கிறதா, வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸா? பழைய தட்டோடு கறுத்துப் பாசி படிந்திருந்தால் அதுவும் சூட்டை வாங்கும். வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தால் வித்தியாசம் தெரியும்; ஆனால் தூசி படியப் படிய அதன் வேலை குறையும், சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது வடிகுழாய்க்கு ஓடுகிறதா, நடுவில் தேங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். அறைக்குள் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால், விளக்குக் குழியில் ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகலை மறைக்க அதைவிட வசதியான பொருள் இல்லை.

அடுக்குமாடியாக இருந்தால் மொட்டை மாடி யாருக்கு என்பதைப் பத்திரத்தில் படியுங்கள். 3 கிலோவாட் சோலார் வைக்க ஏறக்குறைய 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மாடியில் உரிமை இல்லாதவருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

மேற்குச் சுவரும் கன்னி மூலையும்

மாலை நாலரை மணிக்கு வெயில் மேலிருந்து விழுவதில்லை, முகத்தில் வந்து அறைகிறது. அந்த நேரத்தில் இரண்டடி சன்ஷேடு ஜன்னலுக்கு ஓரடி நிழல்கூடச் சரியாகத் தராது. மேற்கு ஜன்னலுக்குத் தேவை மேலே ஒரு தட்டு அல்ல, எதிரே ஒரு மறைப்பு: பால்கனி, ஜாலிச் சுவர், பக்கத்து வீடு, அல்லது ஒரு புங்கை மரம். பக்கத்து மனை காலியாக இருப்பதை 'காற்றோட்டம்' என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். அது கிழக்கே இருந்தால் லாபம். மேற்கே இருந்தால் நீங்கள்தான் அந்தத் தெருவுக்கே குடை.

இதில் வாஸ்து ஒரு சிக்கல் செய்கிறது. வீட்டுத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் கேட்கும் விதி. வீட்டில் மாலையில் அதிகம் காயும் மூலையும் அதுதான். கடைசி மாடி, கன்னி மூலை, மறைப்பில்லாத மேற்குச் சுவர் மூன்றும் சேர்ந்தால் ஒரு டன் ஏசி திணறும், ஒன்றரை டன் வேண்டும். வாஸ்துவை விட வேண்டியதில்லை. அந்தச் சுவர் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா என்று ஜன்னல் ஓரத்தில் அளந்து பாருங்கள். நாலரை என்றால் விலகுங்கள். மேற்குச் சுவர் முழுக்க அலமாரி, அதை ஒட்டிக் குளியலறை என்று அமைந்த வீடு கிடைத்தால் அதைக் கட்டியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஏசி போட்டுக்கொள்ளலாம், என்ன பெரிய செலவு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரவுக்கு எட்டு யூனிட் என்றாலே இரண்டு மாதத்தில் ஒரே அறைக்கு 480 யூனிட். தமிழ்நாட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த மலிவு விலையில் ஒரு பகுதியும் போய்விடும். வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா, அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் மின் கட்டண ரசீதில் பார்த்துவிடலாம்.

தண்ணீர்

"போர் இருக்கிறது, கார்ப்பரேஷன் தண்ணியும் வருது" என்பது பதிலே அல்ல. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்று விற்பவரிடம் கேட்காமல் நான்கு வீடு தள்ளி இருப்பவரிடம் கேளுங்கள். போர் மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டு, தண்ணீர் மெலிகிறதா, காற்று கலந்து துப்புகிறதா என்று கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு மே மாதம்தான் சரி. டிசம்பரில் எல்லாப் போரும் பாஸாகிவிடும். உப்பைப் பார்க்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. மீட்டர் இல்லாவிட்டாலும் ஷவர் துளைகளையும் குழாய் மூக்கையும் பாருங்கள். வெள்ளைப் பாறை கட்டியிருந்தால் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் செலவு வைக்கும்.

நான்கு பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளைக்கு 540 லிட்டர். பத்து நாள் தாக்குப்பிடிக்க ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர் சம்ப் வேண்டும். சம்ப் மூடிக்கும் செப்டிக் டேங்க்குக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் அளந்துவிடுங்கள். பாதாளச் சாக்கடை இன்னும் போய்ச் சேராத விரிவாக்கப் பகுதிகளில் இது சாதாரண விஷயம் இல்லை.

கண்மாயில் குடிபோவது

வெயில் காய்கிற ஊரில் வெள்ளமா என்று கேட்பவர்கள் 2024 அக்டோபர் 25 மாலையை விசாரித்துப் பார்க்கலாம். சில மணி நேர மழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் பொங்கி, சுற்றியிருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மதுரை கண்மாய்களின் மேல் வளர்ந்த ஊர். குளம், ஏந்தல், ஊரணி, ஏரி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. உலகனேரி, ஊமச்சிகுளம், மாடக்குளம், வண்டியூர் பக்கம் எங்கே வாங்கினாலும் கண்மாய்க்கரை எங்கே, மடை எங்கே, கண்மாய் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் எந்த வழியில் போகும் என்று கேளுங்கள். சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் ஆன்லைனிலேயே எடுக்கலாம். உங்கள் சர்வே எண்ணிலோ ஒட்டியோ கண்மாய், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு வந்தால் நில அளவையரை வைத்து அளக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வீட்டுத் தளம் சாலையைவிட இரண்டரை மூன்று அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு உயர்வதில்லை.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் மண். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, தானாகவே இறுகும் கதவு இரண்டையும் பார்த்தால், அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள் என்று பொறியாளர் ஒருவரை வைத்துக் கேளுங்கள். புதிதாக ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

பத்திரமும் பணமும்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ அட்டை கைக்கு வருமுன் அட்வான்ஸ் கொடுப்பது அடிக்கடி நடக்கிற பிழை. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. அழகர்கோவில் சாலையில் மாந்தோப்போடு அழகான வீடு என்று காட்டுவார்கள். பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்றிருந்து, அங்கீகரித்த மனைப்பிரிவு அனுமதியும் இல்லையென்றால் அந்த வீடு உங்களுக்கில்லை. பணம் வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்தோ, என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கிலிருந்தோதான் போக வேண்டும். பின்னாளில் விற்றுப் பணத்தை வெளியே எடுக்க அந்தத் தடம்தான் சாட்சி.

வில்லங்கச் சான்றிதழை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். கோயில் நிலங்கள் நிறைந்த ஊர் இது. அந்த சர்வே எண்ணை அறநிலையத்துறையிடமும் விசாரிப்பது வீண்வேலை இல்லை. அடுக்குமாடியில் எத்தனை சதுர அடி வீடு என்பதோடு, பிரிபடாத நிலப்பங்கு, அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி என்றும் கேளுங்கள்.

பட்ஜெட் போடும்போது முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்த 50 லட்ச வரம்பே கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் மிக அதிகம். பிடிக்காமல் விட்டால் வரி உங்கள் தலையில் விழும். ஆடிட்டரைப் பதிவுக்கு முன் பாருங்கள், பின் அல்ல. உறவினருக்குப் பவர் கொடுப்பதானால் இந்த ஒரு வீட்டுக்கு, இந்த வேலைக்கு என்று எல்லை குறித்த பவர் போதும். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

எய்ம்ஸ் பக்கம், மெட்ரோ பக்கம் என்ற விளம்பரத்துக்கு விலை கொடுக்காதீர்கள். தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். மனை விலை மட்டும் உடனே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது.

அவசரமில்லாதவர்களுக்கு மதுரையிலேயே ஒரு வழி இருக்கிறது: ஒத்தி. ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வாங்க நினைக்கும் அதே தெருவில் ஒத்திக்கு இருந்தால் ஒரு சித்திரையும் ஒரு ஐப்பசியும் பார்த்துவிடலாம். ஆனால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒத்தி வேண்டாம். பதிவு செய்யுங்கள். அதற்கு முன் வில்லங்கம் போட்டு, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் நிற்கிறதா என்று பாருங்கள். கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால், வங்கிக்குப் பின்னால்தான் ஒத்திக்காரர் வரிசையில் நிற்க வேண்டும்.